நடு அளவில் ஒரு சைக்கிள்

ரோடு பைக் பற்றிய பேச்சு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதுதான் முதலில் வந்தது. ஒரு போர்வையின் இரண்டு முனைகள் மூத்தவள் கையில், மற்ற இரண்டு இளையவள் கையில். உதறிக்கொண்டே இளையவள் கீழே தெருவைப் பார்த்தாள்.

"காலேஜ்ல படிக்கும்போது எனக்கு ஒரு ஆசை இருந்துச்சுக்கா. ஹேண்டில் கீழ்ப்பக்கமா வளைஞ்சிருக்குமே, மெல்லிசா டயர் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சைக்கிள்."

"எனக்கும்தான்," என்றாள் மூத்தவள்.

அந்த நிமிடம் வரை அது உண்மையில்லை. மாலைக்குள் உண்மையாகிவிட்டது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பவள். அன்று அரைக்கும் கல் சுற்றுவதையும் அதிலிருந்து தண்ணீர் விசிறித் தெறிப்பதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, தன்னையே ஒரு வளைந்த ஹேண்டிலின் மேல் குனிந்தவளாக, இரண்டு பக்கமும் மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கும் ஒரு சாலையில் பார்த்தாள். அந்தச் சாலையை அவள் எங்கும் கண்டதில்லை. ஆனாலும் அதன் வளைவுகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தன.

இருவரும் அண்ணன் தம்பியின் மனைவிகள். மூத்தவள் கீழ்த்தளம், இளையவள் மாடி, சமையல் ஒன்றாக. மாமியார் போன பிறகுதான் மூத்தவள் அந்த வீட்டுக்கு வந்தாள். கணவன், கொழுந்தன், மாமனார் என்று மூன்று ஆண்கள். மூவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே செய்தியைப் பார்ப்பார்கள். அவள் ஏதாவது சொன்னால் மூவரும் சேர்ந்து "ம்" என்பார்கள். சண்டை போடக்கூட ஆளில்லாத வீடு அது. இப்படியே வருடங்கள் போய், சென்ற வருடம்தான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி இளையவள் வந்தாள். வந்த முதல் வாரமே சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, தான் வேலை பார்க்கும் கூரியர் அலுவலகத்தில் ஒருவர் உயிருள்ள கோழியைப் பார்சலாக அனுப்பப் பார்த்த கதையைச் சொன்னாள். மூத்தவள் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்த மூவரும் செய்தியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. ஓரகத்திகள் என்றால் ஒத்துப்போகாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்போல எல்லாரும் பேசினார்கள். ஒரு சொல் தவறினால் போதும், மாடிக்கதவு சாத்திக்கொள்ளும். பிறகு மறுபடி மூன்று "ம்"கள்தான். அதனால் இளையவளிடம் பேசும்போது, தரையில் சிந்திய கண்ணாடித் தூளுக்கு நடுவே நடப்பவள்போல அவள் பார்த்துப் பார்த்துப் பேசினாள்.

சைக்கிள் வாங்கப்போகிறோம், இருவருக்கும் சேர்த்து ஒன்று என்றதும் அவள் கணவன் செய்தியிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணா? பார்த்துக்கிட்டே இரு. ஹேண்டில் ஒருத்தி கையில, சீட் ஒருத்தி கையிலன்னு தனித்தனியா வீடு வந்து சேரும்."

"அண்ணே, பெடல் ரெண்டு இருக்கே, அதுல பிரச்சினை வராது," என்றான் தம்பி.

"மனசுல வெச்சுக்கிறோம்," என்றாள் மூத்தவள்.

இரண்டு சைக்கிள் என்ற பேச்சே எழவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. சைக்கிள் கடையில் ஆயத்தமாக நின்ற வண்டிகளில் சில மூத்தவளுக்குச் சரியாக இருந்தன, சில இளையவளுக்கு; இருவருக்கும் பொருந்துவது ஒன்றுமில்லை. மூத்தவள் நல்ல உயரம், அகலமான தோள். இளையவள் அவள் காதளவுகூட இல்லை. கடைக்காரர் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"ஒண்ணு செய்யலாம். பிரேம் தனியா எடுத்துக்கோங்க. மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா பார்த்து மாட்டுவோம். உங்க ரெண்டு பேருக்கும் தோதா நாமளே கட்டிடலாம்."

கட்டுவது என்ற சொல் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. ஒரு வீட்டைக் கட்டுவதுபோல இருந்தது.

முதலில் பிரேம். மூத்தவளுக்குப் பெரியது வேண்டும், இளையவளுக்குச் சிறியது. "உங்களுக்குச் சரியா இருந்தா போதும்க்கா, நான் எப்படியும் ஓட்டிடுவேன்," என்றாள் இளையவள். "அதெல்லாம் இல்ல, நீதான் அதிகம் ஓட்டப்போற," என்றாள் மூத்தவள். இரண்டுக்கும் நடுவில் ஒன்று, மழைமேக நிறத்தில், சுவரில் தொங்கியது. அதை எடுத்தார்கள்.

அடுத்து ஹேண்டில்பார். கடைக்காரர் மூன்று அகலங்களில் எடுத்து மேசையில் வைத்தார். தோளுக்குத் தோள் என்ன அகலமோ அதே அகலம் ஹேண்டிலும் இருக்க வேண்டும் என்றார். மூத்தவள் சிறியதைக் கையில் எடுத்து இளையவளின் தோளில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. இளையவள் உடனே பெரியதை எடுத்து, கால்விரலில் எம்பி, மூத்தவளின் தோளில் வைத்தாள். அதுவும் பொருந்தியது. கல்யாணத்துக்குச் சட்டை எடுக்க வந்தவர்கள்போல ஒருவருக்கொருவர் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நடுவில் கிடந்ததை எடுத்தார்கள். ஹேண்டிலைப் பிரேமோடு பிணைக்கும் ஸ்டெம்மிலும் நடுவான நீளம். பெடலைத் தாங்கிச் சுற்றும் கிராங்கிலும் அதேதான். ஒவ்வொரு முறையும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எவ்வளவு சுலபமாக ஒத்துப்போகிறது பார் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

சக்கரம் மட்டும் அன்று ஆகவில்லை. கடையில் சக்கரம் கோக்கிறவர் மணிக்கட்டில் சுளுக்கு என்று விடுப்பில் இருந்தார். வெளிவட்டமான ரிம், நடுவில் சுழலும் ஹப், இரண்டையும் இணைக்கும் கம்பிகள் என்று தனித்தனியாக எடுத்து, ஆளுக்கு ஏற்றபடி கோத்துத் தருவது அவர் ஒருவர்தானாம். அவர் வரும்வரை ஓட்டிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் யாரோ விட்டுப்போன ஒரு பழைய ஜோடியை மாட்டிக்கொடுத்தார். பந்தயம் ஓட்டும் ஒல்லியான ஒருவருடையதாம். கம்பிகள் குறைவு. வெயிலில் பார்த்தால் சக்கரம் இருப்பதே தெரியாது.

வண்டி வீட்டுக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் இருவருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

முதல் வாரம் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். இளையவள் அதிகாலையில் போய் வேர்வையோடு திரும்புவாள். வாசலில் இறங்கியதும் இரண்டு கைகளையும் தண்ணீர் உதறுவதுபோல உதறிக்கொள்வாள்.

"எப்படி இருக்கு?"

"சூப்பர்க்கா. நீங்க?"

"எனக்கென்ன, பறக்குது."

பறக்கவில்லை. மூத்தவள் ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கரத்தில் ஒரு கம்பி 'டிக்' என்றது. நாலு முழம் போனால் இன்னொன்று. ஒவ்வொரு 'டிக்'கும் அவள் முதுகுத்தண்டில் ஏறியது. வேகத்தடை வந்தால் இறங்கித் தள்ளினாள். பள்ளம் வந்தாலும் இறங்கினாள். பிறகு ஒரு நாள் வீட்டுத் தெருவைத் தாண்டிய மூலையில் வண்டியை மதிலோரம் நிறுத்தி, ஒரு மணி நேரம் அங்கேயே நின்று போகிற வருகிற லாரிகளைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, "இன்னிக்கு ரொம்ப தூரம்," என்றாள். கனவில் பார்த்த சாலை மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது.

மூன்றாவது வாரம் இளையவள், "இன்னிக்கு எனக்கு வேலை இருக்குக்கா, நீங்க எடுத்துக்கோங்க," என்றாள். மூத்தவள், "எனக்குத் தலைவலி, நீயே போயிட்டு வா," என்றாள். அடுத்த நாளும் அப்படியே. வண்டி மாடிப்படிக்கு அடியில் நின்றது. ஒரு மழை நாளில் மாமனார் தன் துண்டை அதன் ஹேண்டிலில் காயப்போட்டார். அதன் பிறகு அது அவர் துண்டுக்கான இடமாகிவிட்டது.

மூத்தவளுக்குச் சைக்கிள் ஓட்டாமல் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மொட்டைமாடியில் துணி உதறும்போது இளையவள் இப்போது வெயிலைப் பற்றிப் பேசினாள். கோழிக் கதைகள் நின்றுவிட்டன. 'சரிக்கா', 'ஆமாக்கா', 'உங்க இஷ்டம்க்கா'. வீட்டில் நான்காவதாக ஒரு "ம்" வந்து சேர்ந்ததுபோல இருந்தது. தான் எங்கே தவறினோம் என்று மூத்தவள் லென்ஸ் அரைத்துக்கொண்டே யோசித்தாள். அப்படி எந்தச் சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

சக்கரக்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று கடையிலிருந்து தகவல் வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் ஓட்டுகிற இருவரும் நேரில் வந்தால்தான் கோப்பேன் என்கிறாராம். துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் நடந்தே போனார்கள். ஏறி ஓட்டிப்போகலாமே என்று இருவருமே சொல்லவில்லை.

கடைக்காரர் வாசலிலேயே வண்டியை வாங்கிக்கொண்டார். "ஏதாவது சத்தம் வருதா? இருங்க, ஒரு சுத்து பார்த்துடறேன்," என்று ஏறி, வண்டிகள் நிறுத்தும் திடலைச் சுற்றினார். மறுபடி சுற்றினார். மூன்றாம் சுற்றில் கீழ்ப்பிடியைப் பிடித்து, முதுகு தாழ்த்தி, சின்னப் பையன்போலப் போனார். இறங்கியபோது முகமெல்லாம் மலர்ச்சி.

"என்னம்மா வண்டி இது. எனக்கே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். மூத்தவளைவிடக் குள்ளம், இளையவளைவிட உயரம். இருவரில் யாரும் சிரிக்கவில்லை.

பின்னறையில் சக்கரக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் பட்டை, மடியில் ஒரு வெறும் ரிம். கம்பிகளை ஒரு கைப்பிடி அள்ளி, பூக்கட்டுகிறவர் நாரை வைப்பதுபோல வாயோரம் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"உங்க ரெண்டு பேர்ல யாரு கனம்?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே பதில் தெரிந்தது. "நான்தான்," என்றாள் மூத்தவள்.

"எவ்வளவு இருப்பீங்க? எத்தனை கம்பி போடணும்னு அதை வெச்சுத்தான்."

கடைக்காரர் கதவருகே நின்றார். வாடிக்கையாளர் ஒருவர் டயர் பார்க்கிற சாக்கில் நின்றார். "அறுபத்தஞ்சு," என்றாள் மூத்தவள்.

"இல்ல," என்றாள் இளையவள்.

இத்தனை நாளில் அவள் சொன்ன முதல் 'இல்ல' அது.

"என்ன இல்ல?"

"அறுபத்தஞ்சு இல்லக்கா. எண்பது. அதுக்கும் கொஞ்சம் மேல."

"தராசு வெச்சிருக்கியா கண்ணுல?"

"நாள் பூரா கவுன்டர்ல அதைத்தானே செய்றேன். ஒரு மூட்டையைப் பார்த்தாலே…"

"நான் மூட்டையா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"சொன்ன."

"சரி, சொன்னேன்." இளையவளின் காது மடல் சிவந்திருந்தது. "அறுபத்தஞ்சுன்னு சொல்லிட்டு, அவர் அதுக்குத் தக்கன கம்பியைக் குறைச்சுக் கோத்து, எங்கயாவது இறக்கத்துல அது ஒடிஞ்சு நீங்க விழுந்தா? அப்புறம் அந்த வீட்டுல நான் யார்கூடப் பேசுறது? மாமாவோட துண்டுகூடவா?"

டயர் பார்த்தவர் இன்னொரு டயரை எடுத்தார். சக்கரக்காரர் வாயிலிருந்த கம்பிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

மூத்தவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாலு பேர் முன்னால் எடை போட்டுவிட்டாளே என்ற கோபம். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது கோபத்தைவிட மெதுவாக மேலே வந்தது.

"பேசுறவளாம். பேசுறவளா இருந்தா கை மரத்துப்போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்ப."

"யார் சொன்னா மரத்துப்போகுதுன்னு?"

"யாரும் சொல்லல. ஓட்டிட்டிருந்தப்ப ஒரே வாரத்துல ரெண்டு தட்டைக் கீழ விட்ட. வண்டியை விட்டு இறங்கினா பேய் பிடிச்ச மாதிரி கையை உதறுவ. நான் என்ன குருடா? கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறவ."

இளையவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "பிரேக்கு எட்டலக்கா," என்றாள். "விரலை முழுசா நீட்டினாதான் நுனி படுது. ஹேண்டில் வேற தூரமா இருக்கு. படுத்துக்கிட்டே ஓட்டுற மாதிரி. வண்டியை எடுக்காம விட்டதுக்கு முன்னாடி ஒரு நாள், ஒரு ஆட்டோ குறுக்க வந்துச்சு. பிடிக்க முடியல. குப்பைத்தொட்டியில போய் நின்னேன்."

"இதை ஏன் சொல்லல?"

"சொன்னா, இவளுக்காகத்தான் எல்லாத்தையும் நடுவுல எடுத்தோம், இப்பவும் இவ குறை சொல்றான்னு நினைப்பீங்க."

"உனக்காக எடுத்தேனா? நான் எனக்காக எடுத்தேன்னு நீ நினைச்சுடக் கூடாதுன்னு எடுத்தேன்."

"நானும்தான்."

வெறும் ரிம் சக்கரக்காரரின் மடியில் ஒரு முறை தானாக உருண்டு நின்றது.

"எனக்கும் அந்தச் சக்கரத்துல ஏறினா உயிரே போகுது," என்றாள் மூத்தவள். "டிக்கு டிக்குனு. மதிலோரம் நிறுத்திட்டு லாரி எண்ணிக்கிட்டு இருந்தேன். தூரமா போனேன்னு சொன்னதெல்லாம் பொய்."

"தெரியும். டயர்ல மண்ணே இல்ல."

மூத்தவள் முக்காலிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அது அவள் எடைக்குக் கொஞ்சம் அமுங்கியது.

"எங்க கடைக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி வந்து, ரெண்டு பேருக்கும் சேர்த்து நடுவுல ஒரு பவர் போட்டு ஒரே கண்ணாடியா குடுங்கன்னு கேட்டா, நான் என்ன சொல்வேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "போய்ச் சுவத்துல முட்டிக்கோங்கன்னு சொல்லுவேன். அதே வேலையைத்தான் இங்க வந்து நான் செஞ்சிருக்கேன்."

"அப்ப யாரோட அளவுக்குத்தான் கட்டறது?" என்றார் கடைக்காரர். அவர் கை இன்னும் அந்த வண்டியின் சீட்டின் மேல் இருந்தது.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை என்பது பேசப் பேசத்தான் தெரிந்தது. முதலில் சக்கரம். கனமானவளுக்குக் கோத்த சக்கரம் ஒல்லியானவளையும் சுமக்கும். ஒல்லியானவளுக்குக் கோத்தது கனமானவளைச் சுமக்காது. அதனால் சக்கரம் மூத்தவளுடையது, கம்பிகள் நிறைய, ரிம் கெட்டியாக. ஹேண்டிலில் அது தலைகீழ். குறுகலான ஹேண்டிலில் அகலத் தோள்காரி கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தால் போதும். அகலமான ஹேண்டில் குறுகிய தோள்காரியின் கையை மரத்துப்போக வைக்கும். ஹேண்டில் இளையவளுடையது. ஸ்டெம் குட்டையானது. பிரேக் லீவரை உள்ளே இழுத்துவைக்க அதிலேயே ஒரு சின்னத் திருகு இருந்தது. இத்தனை நாள் அதை யாரும் தொடவில்லை. தப்பாக இருந்தால் யாருக்கு வலிக்கும் என்று மட்டும் பார்த்தார்கள். வலிக்கிறவளுக்கு அந்தப் பாகம்.

கிராங்கில்தான் இழுபறி. குட்டையானதைப் போட்டால் தன் கால் மிதிக்கிற மாதிரியே இருக்காது, சும்மா சுற்றுகிற மாதிரி இருக்கும் என்றாள் மூத்தவள்.

"பழகிடும்க்கா."

"நீ பழகிக்க வேண்டியதுதானே நீளமானதுல?"

"எனக்கு முட்டி நெஞ்சுல இடிக்கும். உங்களுக்கு மனசுலதான் இடிக்குது."

சக்கரக்காரர் முதல் முறையாகச் சிரித்தார். மூத்தவள் விட்டுக்கொடுத்தாள். மனதில்லாமல், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு விட்டுக்கொடுத்தாள். அது முன்பு விட்டுக்கொடுத்ததுபோல இல்லை. டயரில் அவள் பழி தீர்த்துக்கொண்டாள். இளையவள் கேட்ட மெல்லிய டயரைத் தொடக்கூட விடவில்லை. பிரேம் இடம் கொடுக்கும் வரை அகலமானதைத்தான் போட வேண்டும் என்று நின்றாள். "இது ரோடு பைக்கா, டிராக்டரா?" என்று இளையவள் முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும் என்றிருந்தாள் மூத்தவள்.

பிரேமை மட்டும் மாற்ற வழியில்லை. நடுவில் எடுத்தது நடுவிலேயே நின்றது. மூத்தவளுக்காக நீளமான சீட் கம்பி ஒன்றைப் போட்டு, இருவருக்கும் தனித்தனியாக இரண்டு கோடுகள் கீறிக்கொடுத்தார் கடைக்காரர். பழைய ஹேண்டிலையும் ஸ்டெம்மையும் கழற்றும்போது பெருமூச்சு விட்டார். "எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

சக்கரக்காரர் கோப்பதை இருவரும் நின்று பார்த்தார்கள். கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குறுக்கே போயின. ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கினால் ரிம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எதிர்ப்பக்கத்தையும் இறுக்கியபோதுதான் நேரானது. இறுக்கமில்லாத கம்பியைத் தட்டினால் சத்தமே வரவில்லை. இறுகியதைத் தட்டியபோது ஓசை வந்தது. இளையவள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பியாக விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். மூத்தவள் அவள் கையைப் பார்த்தாள்.

புதுச் சக்கரம் வந்த பின் மூத்தவள் வேகத்தடைகளில் இறங்குவதை விட்டாள். மதிலைத் தாண்டிப் போனாள். அங்கே மரங்கள் இல்லை. நீளமாக ஒரு கிடங்கின் தகரச்சுவரும், அதற்குப் பிறகு ஒரு வாய்க்காலும் இருந்தன. அவள் கனவில் கண்ட சாலை அது இல்லை. இருந்தாலும் அதன் வளைவுகளை அவள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். இளையவள் வேறு பக்கம் போனாள். திரும்பி வந்ததும் குறைகளைக் கொட்டினாள். சீட் குத்துகிறது, மூணாவது கியர் தயங்குகிறது, அகல டயரில் ஏற்றத்தில் உயிர் போகிறது, எல்லாம் உங்களால்தான். மூத்தவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். பாதிக்குப் பதில் சொல்வாள். மீதிக்குத் திட்டுவாள். கூடத்தில் செய்தியின் சத்தம் குறைவதும் கூடுவதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தபோது இளையவள் ஹெல்மெட்டோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"நேத்து நீங்க போனீங்க," என்றாள் இளையவள்.

"நேத்து மழை. பாதியிலயே திரும்பிட்டேன். அது கணக்குல வராது."

"மழை பெஞ்சதுக்கு நான் என்ன செய்றது? நேத்து உங்க முறை. இன்னிக்கு என் முறை."

"நீ சனிக்கிழமை முறையை வேணாம்னு எனக்குத் தள்ளினதே மழை வரும்னு தெரிஞ்சுதான்."

பிடிபட்ட இளையவளின் உதடு ஒரு பக்கம் இழுபட்டது. மூத்தவள் சீட்டைத் தளர்த்தி, தன் கோட்டுக்கு உயர்த்தி, இறுக்கினாள்.

"அக்கா, நிஜமாவே நான் போகணும். அந்த ஏரிப்பக்கம் போகலாம்னு நினைச்சேன்."

போன மாதம் என்றால், இந்தா போ என்று சொல்லியிருப்பாள்.

"முடியாது," என்றாள். வண்டியை வாசலுக்குத் தள்ளினாள்.

"வெயில் ஏறுறதுக்குள்ள வந்துடணும். சொல்லிட்டேன். லேட்டாச்சுன்னா நானே நடுரோட்டுக்கு வந்து பிடுங்கிக்குவேன்."

"வா, பார்க்கலாம்."

அவள் ஏறி மிதித்தாள். ஹேண்டில் குறுகல், கைகள் ஒடுங்கித்தான் இருந்தன. கால்கள் சும்மா சுற்றின. தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் இளையவள் இடுப்பில் கைவைத்து நிற்பாள், முகம் உர்ரென்று இருக்கும், உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைப்பாள், திரும்பி வந்ததும் முதல் வார்த்தையே சண்டையாக இருக்கும். அதை நினைத்தபடி மூத்தவள் கிடங்கின் தகரச்சுவரைத் தாண்டி வாய்க்காலோரம் திரும்பினாள். அந்த வழிதான் நீளம்.